விளையாடும் பிள்ளைக்கு உமிழ்நீர்ப் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 800 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டப் போட்டியைத் தாண்டி மாவட்டப் போட்டி வரை வந்திருக்கிறாள். காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி, பள்ளி விட்டதும் மறுபடி பயிற்சி, பிறகு டியூஷன். இரண்டு மாதமாக எந்நேரமும் அசதியாக இருக்கிறாள். அடிக்கடி சளி பிடிக்கிறது. ஓட்டத்திலும் முன்னேற்றம் இல்லை. "எச்சிலை டெஸ்ட் பண்ணினால் உடம்பு எவ்வளவு ஸ்ட்ரெஸ்ஸில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், ஊசிகூட வேண்டாம்" என்கிறார் பயிற்சியாளர். நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறோம். இந்தச் செலவைச் செய்யலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உமிழ்நீர்ப் பரிசோதனை ஏமாற்று வேலை இல்லை. அதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் மகள் ஏன் அசந்து போகிறாள் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கு அந்தப் பரிசோதனையிடம் பதில் கிடையாது. அதைவிட எளிய, பெரும்பாலும் செலவில்லாத வழிகளில் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால், முதலில் அவற்றைச் செய்யுங்கள் என்கிறேன்.

உமிழ்நீரில் முக்கியமாக இரண்டு பொருள்களை அளக்கிறார்கள். ஒன்று கார்ட்டிசால். கடும் உழைப்பு, காய்ச்சல், பயம், பட்டினி, தூக்கக்குறைவு என்று எது நெருக்கினாலும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஒட்டாத சிறு பகுதிதான் உடலில் வேலை செய்கிறது. அந்தப் பகுதியே உமிழ்நீருக்குள்ளும் கசிவதால், ஊசி குத்தாமலே அதை அளக்க முடிகிறது. கார்ட்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டறிய மருத்துவர்கள் நள்ளிரவு உமிழ்நீரில் கார்ட்டிசால் பார்ப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. இரண்டாவது பொருள் இம்யூனோகுளோபுலின் ஏ. வாயிலும் தொண்டையிலும் கிருமிகளைத் தடுக்கும் இந்தப் புரதம், ஓய்வில்லாத கடும் பயிற்சியின்போது குறைவதுண்டு. அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகு வீரர்கள் 38 பேரை 50 வாரம் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு வீரர் நலமாக இருக்கும்போது உள்ள அவருடைய சராசரி அளவில் 40 சதவீதத்துக்குக் கீழே அது இறங்கினால், அடுத்த மூன்று வாரத்துக்குள் அவருக்குச் சளித்தொல்லை வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது.

அந்த ஆய்வுக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வளர்ந்த ஆண்கள், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்த மாதிரிகள், ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவோடு ஒப்பீடு. ஒரே ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு ஒருமுறை எடுத்தால் என்ன ஆகும்? கார்ட்டிசால் கண் விழித்த அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு நாள் முழுவதும் இறங்கிக்கொண்டே வந்து நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடும். பயிற்சி நாளில் ஐந்து மணிக்கு எழுகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழுந்தால், கடிகாரத்தில் ஒரே நேரத்துக்கு எடுத்த இரண்டு மாதிரிகளும் வேறு வேறு கதை சொல்லும். மாதிரி எடுப்பதற்கும் பக்குவம் வேண்டும். பல் துலக்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, பத்து நிமிடம் பொறுத்து, தலையைக் குனிந்து, காறித் துப்பாமல் உமிழ்நீரைத் தானாகக் குழாய்க்குள் வடிய விட வேண்டும். உடனே குளிரில் வைக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால் கணக்கு தப்பும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளையென்றால் அதனாலும் தப்பும். நைட் ஷிஃப்ட் முடிந்து நீங்கள் வீடு திரும்பும் முன்னே மகள் மைதானத்துக்குக் கிளம்பிவிடும் வீட்டில் இதையெல்லாம் வாரா வாரம் பிசகாமல் செய்வது பெரும்பாடு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் அடிப்படைக் குறை ஒன்று மிஞ்சும். நெருக்கடி இருக்கிறது என்று கார்ட்டிசால் காட்டலாம். எதனால் என்று காட்டாது. காலாண்டுத் தேர்வுப் பயமும், வீட்டுச் சண்டையும், நேற்று ஓடிய பன்னிரண்டு சுற்றும் அதே ஒரு எண்ணுக்குள் கலந்துதான் நிற்கும். அளவு மீறிய பயிற்சியால் துவண்ட வீரர்களிடம் கார்ட்டிசால் கூடியும் இருக்கிறது, குறைந்தும் இருக்கிறது, மாறாமலும் இருக்கிறது. இந்த நிலையை உறுதி செய்ய எந்த ஒரு தனிப் பரிசோதனையும் இல்லை என்றே ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் சொல்கிறது.

அப்படியானால் எதை நம்புவது? பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 56 ஆய்வுகளை அலசி 2016-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, ரத்தம், ஹார்மோன், இதயத்துடிப்பு அளவுகளைவிட, வீரரே தன் உடல்நிலை பற்றித் தரும் மதிப்பெண்கள்தான் பயிற்சிச் சுமையை நுட்பமாகவும் சீராகவும் காட்டுகின்றன என்ற முடிவுக்கு வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் நான்கு கட்டங்கள்: தூக்கம், அசதி, உடல்வலி, மனநிலை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மாலைப் பயிற்சி முடிந்து அரை மணி கழித்து ஒரே கேள்வி: இன்றைய பயிற்சி பத்துக்கு எவ்வளவு கடினம்? அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், கடினம் 7 என்றால் அன்றைய சுமை 420. அதே பயிற்சிக்குப் போன மாதம் 5 போட்டவள் இந்த மாதம் 8 போட்டால், பயிற்சி கூடாமலே உடல் தாங்காமல் போகிறது என்று பொருள். பயிற்சியாளர் ஓய்வு தர இந்தத் தகவல் போதும்.

"பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அணியில் இடம் போய்விடும் என்று மறைப்பார்கள்" என்பது நியாயமான ஆட்சேபம். அசதி என்று எழுதினால் திட்டு விழும் மைதானத்தில் எந்தப் பிள்ளையும் உண்மை எழுதாது. அந்தப் பயத்தை நீக்குவது பெரியவர்கள் பொறுப்பு. பயத்தால் வாயை மூடிக்கொண்ட பிள்ளையிடம் உமிழ்நீரை மட்டும் வாங்கினால், எண் கையில் இருக்கும், காரணம் கிடைக்காது. "சர்வதேச வீரர்கள் செய்கிறார்களே" என்றும் கேட்பார்கள். செய்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே ஆய்வகமும் மருத்துவரும் பல மாத அளவுகளும் இருக்கின்றன. பருவமடையும் வயதில் ஹார்மோன் அளவுகள் தாமாகவே மாறிக்கொண்டிருப்பதால், பெரியவர்களின் அளவுகோல் 14 வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. "வலியில்லாத டெஸ்ட்தானே, செய்தால் என்ன நஷ்டம்" என்ற வாதத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எண் 'நார்மல்' என்று வந்தால், துவண்ட பிள்ளையை இன்னும் ஓடச் சொல்லும் துணிவு பெரியவர்களுக்கு வந்துவிடும். எண் கூடுதலாக வந்தால், 'தாங்காத பிள்ளை' என்ற முத்திரை விழும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. உங்களுக்குத் தெரியாமல் யாரும் மாதிரி எடுக்க இடம் தராதீர்கள்.

இனி, காரணத்தைத் தேட வேண்டிய இடங்கள். முதலாவது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓடும் பெண்ணின் அசதிக்கும் முன்னேறாத நேரத்துக்கும் அது முதல் சந்தேகக் காரணம். பல்லடம் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள். இரண்டாவது தூக்கம். விளையாடும் மாணவர்கள் 112 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதுக்கே படுக்க வேண்டும்; டியூஷன் முடிந்து வந்து, பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீட்டில் அது நடக்கிறதா? மூன்றாவது சாப்பாடு. வெறும் வயிற்றில் காலைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழமும், முடிந்ததும் முட்டையோடு டிபனும் எந்தப் பரிசோதனையைவிடவும் பயன் தரும். நான்காவது மாதவிடாய். 15 வயதாகியும் வராவிட்டாலும், வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலும், உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஐந்தாவது பயிற்சி நேரம். வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு மிகைப்பயிற்சிக் காயங்கள் தீவிரமாவது அதிகம் என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. உங்கள் மகளுக்கு எல்லை 14 மணி நேரம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

ஆகவே இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள், நோட்டைத் தொடங்குங்கள். பயிற்சியாளரிடம் பேசி, இரண்டு வாரத்துக்குப் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். தேறினால், நோட்டைப் பார்த்துக்கொண்டே சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தேறாவிட்டால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்; உமிழ்நீர்ப் பரிசோதனை தேவையா என்பதை அங்கே மருத்துவர் முடிவு செய்யட்டும். பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவியல் முறையில் பயிற்சி தர வேண்டும் என்ற உங்கள் அக்கறை நல்லது. அதை "இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தினமும் கேட்பதில் தொடங்குங்கள், பிள்ளை "முடியவில்லை, சார்" என்று சொன்னால், அன்று ஓய்வு கொடுங்கள்.