பழைய காருக்குக் கண்ணாடி வேண்டாமா?

திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு ஊர்களில் சில பெரிய வீடுகளின் கார் ஷெட்டில் இன்றும் பழைய அம்பாசிடரோ பத்மினியோ நிற்கும். தாத்தா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் தேதி முடியப் போகிறது என்றதும் டி.என். 55 ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு தொடங்கும். பிரேக்கையும் லைட்டையும் எல்லோரும் சரிபார்த்துவிடுகிறார்கள். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி என்று வந்தால் மட்டும் பட்டறைக்குப் பட்டறை ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை தவறு.

"பழைய வண்டிக்குக் கண்ணாடி கேட்க மாட்டார்கள்."

கேட்பார்கள். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று சோதனைக்கு என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தரும் பட்டியலில் ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றோடு பின்புறம் காட்டும் கண்ணாடியும் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைச் சுற்றிவரும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் இவற்றைத்தான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

"கம்பெனியே கொடுக்கவில்லை, நாம் மாட்டினால் ஒரிஜினல் கெட்டுவிடும், ஆர்.டி.ஓ.வும் ஒத்துக்கொள்ள மாட்டார்."

இதில் பாதி உண்மை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் வெளிக்கண்ணாடி ஒன்றுதான் வந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. பிற்காலத்துச் சின்ன கார்களில்கூட விலை குறைந்த மாடல்கள் சிலவற்றுக்கு இடப்பக்கக் கண்ணாடி வரவில்லை. பிரிட்டனில் 1978 ஆகஸ்ட் 1-க்கு முன் சாலைக்கு வந்த கார்களுக்கு ஒரு கண்ணாடி போதும் என்ற விதி உண்டு. 40 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் அங்கே ஆண்டுச் சோதனையே கட்டாயம் இல்லை. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வாதாடுவதில் பயனில்லை. அது அவர்கள் சட்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பாடி வகை, நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது பாடி, எஞ்சின் போன்ற மாற்றங்களைப் பற்றி. கூடுதலாக ஒரு கண்ணாடி மாட்டுவதால் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாது. பெயின்ட் கெடும், துளை போட மாட்டேன் என்பவர்களுக்குக் கதவு விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகை இருக்கிறது. மட்கார்டில் நிற்கும் குச்சிக் கண்ணாடியும் பழைய காருக்கு அந்நியமல்ல. ஜப்பானில் 1983 வரை புதுக்கார்களுக்கே மட்கார்டில்தான் கண்ணாடி.

"ஏதோ ஒரு கண்ணாடி இருந்தால் போதும்."

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். ரசம் போய் ஓரம் கறுத்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பீரோ கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி எம்-சீல் வைத்து ஒட்டிக்கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் நிறைய. வெளிக்கண்ணாடி பெரும்பாலும் லேசாகப் புடைத்த குவிகண்ணாடி. பீரோ கண்ணாடி தட்டை. அதே அளவில் தட்டைக் கண்ணாடியை ஒட்டினால் தெரிகிற பரப்பு சுருங்கிவிடும், பக்கவாட்டில் வரும் பைக் அதற்குள் வரவே வராது. போதாக்குறைக்கு, உடைந்தால் கூரான சில்லுகளாகத் தெறிக்கும். குவிகண்ணாடிக்கும் ஒரு குணம் உண்டு: பின்னால் வரும் பஸ்ஸைச் சின்னதாக்கி, தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். தூரத்தைக் கணிக்க உள்ளே இருக்கும் தட்டைக் கண்ணாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது வெளிக்கண்ணாடி நடுங்குகிறதா என்று பாருங்கள். பழைய டீசல் அம்பாசிடரில் ஐடிலில் நின்றாலே பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் இரண்டாகத் தெரியும். தண்டின் அடியில் உள்ள நட்டும் உருண்டை மூட்டும் தளர்ந்திருக்கும். முறுக்கினால் சரியாகிவிடும், இல்லையென்றால் புதுசு போட வேண்டும்.

"இடப்பக்கம் தேவையில்லை, உள் கண்ணாடியே போதும்."

பின்சீட்டில் நான்கு பேர், பின்கண்ணாடி ஓரத்தில் சீர்த்தட்டு என்றால் உள் கண்ணாடியில் தலைகள் மட்டும்தான் தெரியும். விடியற்காலையில் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். பைக்கின் இரு பக்கமும் பூ மூட்டை, இடது ஓரத்தில் இடம் கிடைத்தால் நுழைந்துவிடுவார்கள். ஆலங்குடி சாலையில் இடப்பக்கம் திரும்புகிற பழைய காருக்கு அந்தப் பைக்கைக் காட்டுவது இடப்பக்கக் கண்ணாடி ஒன்றுதான். கம்பெனி கொடுத்ததா, அன்று கட்டாயமாக இருந்ததா என்பது அந்தப் பைக்காரருக்கு எந்த உதவியும் செய்யாது.

"எஃப்.சி. அன்றைக்கு மாட்டிக்கொண்டு போகலாம்ணே, அப்புறம் கழற்றிவிடலாம்."

பட்டறையில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் யோசனை இது. மிக மோசமானதும் இதுதான். சோதனைக்காரர் பார்ப்பது சில நிமிடம். அடுத்த ஐந்து ஆண்டு சாலையில் ஓடப்போவது கண்ணாடி இல்லாத வண்டி. இரவல் கண்ணாடியில் தேறிய வண்டியைக் குடும்பத்தோடு எடுத்துப் போகிறவர்கள் ஏமாற்றுவது ஆர்.டி.ஓ. ஆபீசை மட்டுமல்ல.

"ஐம்பது வருஷ வண்டி, விண்டேஜ் என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை."

2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானவை. பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, அவற்றுக்குப் போய்வருதல், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு என்று சிலவற்றுக்கே அனுமதி. குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற வண்டி என்றால் சாதாரணப் பதிவே பொருத்தம்.

15 ஆண்டு ஆனால் நசுக்கிவிடுவார்கள் என்பதும் தமிழ்நாட்டுத் தனியார் காருக்குப் பொருந்தாது. 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்ற பேச்சு டெல்லி வட்டாரத்து உத்தரவுகளிலிருந்து வந்தது. 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படாமல் நிற்பவை 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகள்.

செலவு மட்டும் கூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000. பசுமை வரி தனி. தேதி தவறினால் மாதம் 500 ரூபாய் ஏறும். முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கண்ணாடி வாங்கி, மாட்டி, உங்கள் சீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க அந்த இரண்டு மாதம் தாராளம்.