நிக்காஹ் புத்தகத்தில் ஒரு கட்டம்

மார்த்தாண்டம்



"மாமா, பதியாத நிக்காஹ் செல்லாதா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்குப் பஸ் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் வயசான உம்மா ஒருவர், மௌத்தான கணவரின் பென்ஷனுக்காக ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் நகல் கேட்டு நின்றார். பழைய புத்தகத்தைப் புரட்டினேன். ஈரம் குடித்த பக்கத்தில் மஹர் தொகை, மாப்பிள்ளை, வலீ (பெண்ணின் காப்பாளர்), இரண்டு சாட்சிகள் எல்லாம் தெரிந்தது. மணப்பெண்ணுக்குக் கட்டமே இல்லை.

அரசில் பதியாவிட்டாலும் அந்தக் கல்யாணம் செல்லும். ஈஜாப் (முன்மொழிவு), கபூல் (ஏற்பு), சாட்சிகள் முறையாக அமைந்தால் நிக்காஹ் நிறைவேறிவிடும். அரசுப் பதிவு அதற்கு நிபந்தனை இல்லை. நெடுநாள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைக் கோர்ட்டும் தம்பதி என்றே அனுமானிக்கும். ஆனால் அந்த அனுமானத்தை வாங்க வக்கீலும் வாய்தாவும் வேண்டும். பதிவுச் சான்று இருந்தால் ஒரு தாளோடு வேலை முடியும்.

எந்த மதத்தாரானாலும் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று 2006-ல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சட்டம் 2009-ல் வந்தது. சார்பதிவாளரிடம் 90 நாளுக்குள் பதியணும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஜமாஅத் புத்தகம் போதுமே என்று நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

வலீ விஷயம் கொஞ்சம் சிக்கல். நம் வீடு ஷாஃபி சட்ட வழி. கன்னிப்பெண்ணுக்கு வலீ வேண்டும். ஹனஃபி வழியில் பருவமடைந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஷாஃபிப் பெண்ணொருத்தி ஹனஃபிக்கு மாறி, வாப்பா சம்மதம் இல்லாமல் செய்த நிக்காஹ் செல்லும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1864-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இலங்கையின் 1951-ம் வருட முஸ்லிம் திருமணச் சட்டம் பதியாத நிக்காஹையும் ஏற்கிறது. ஆனால் பதியும்போது மாப்பிள்ளையும் வலீயும் ஒப்பமிட்டால் போதும், மணமகள் கையெழுத்தைக் கேட்பதில்லை. அதை மாற்றச் சொல்லி அங்குள்ள பெண்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள்.

நாம் மட்டும் என்ன? உள்ளறைக்குப் போய்க் கேட்கும்போது பெண் தலை குனிந்திருந்தால் சம்மதம் என்று எத்தனையோ முறை நானே எழுதியிருக்கிறேன். இப்போது உறுத்துகிறது. புதுப் புத்தகம் அச்சடிக்கையில் மணப்பெண் கையெழுத்துக்கும் கட்டம் கேட்டேன். இடமில்லை என்றார் அச்சகக்காரர். 'குறிப்பு' என்ற கட்டத்தைத் தூக்கச் சொன்னேன்; அதில் இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.

உன் ராத்தாவின் நிக்காஹ் முடிந்து இன்றோடு 71 நாள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா