திறவாத மூடி

பொருளைக் காப்பதற்காகப் பூட்டு வைக்கிறோம். அப்பூட்டு உடையவனுக்கே திறக்க மறுத்தால் என்ன செய்வது? சென்ற ஐப்பசியில் இக்கேள்வி என்முன் வந்து நின்றது. விடை தேடியபோது, வகுப்பில் படித்த இயற்பியலும் வேதியியலும் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை உணர்ந்தேன். மாணவ நண்பர்களும் அறிந்துகொள்ளட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தி என் ஊர். அங்கே என் சித்தப்பாவிடம் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் உண்டு. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகி வந்த வண்டிகளின் வழிவந்தது அது. அதன் பெட்ரோல் தொட்டிக்கு முதலில் பூட்டில்லாத மூடிதான் இருந்தது. பெட்ரோல் களவுக்கு அஞ்சிய சித்தப்பா, கடையில் ஒரு பூட்டு மூடி வாங்கிப் பொருத்தினார். பின்னர் முழங்கால் வலியால் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அது வாசலோரமே நின்றது.

தேர்த் திருவிழா நெருங்கியது. “அம்பி, வண்டியைக் கொஞ்சம் கிளப்பிப் பாரேன்” என்றார் சித்தப்பா. தொட்டியில் பெட்ரோல் இல்லை. மூடியில் சாவியை இட்டேன். நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. குறட்டால் சாவியைப் பற்றித் திருகினேன். பூட்டு அசையவில்லை, சாவிதான் வளைந்தது. சினம் மிகுந்து, துளையிடும் மின்கருவியை எடுத்து வந்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொட்டியிலேதான் பெட்ரோல் இல்லையே, என்ன ஆயிடப் போறது?” என்றேன்.

“இல்லாததுதாண்டா ஆபத்து” என்றார் அவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பெட்ரோலில் எரிவது நீர்மம் அன்று, அதன் ஆவியே. சுழிக்கு 40 பாகை கீழே உள்ள குளிரிலும், தீப்பற்றுவதற்குப் போதுமான ஆவியைப் பெட்ரோல் வெளியிடும். காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறியே போதும். நிறைந்த தொட்டியில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. காலியான தொட்டியிலோ அடியில் ஒட்டிய சில துளிகளே ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். மேலும், அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. வெளியே வந்தாலும் தரையோடு படர்ந்து செல்லும். எங்கள் அக்கிரகாரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. பல வீடுகளுக்கு மரச்சட்டமும் ஓடுமே கூரை. திருவிழாவுக்கு உறவினர் வந்து தெரு நிறைந்திருந்த நேரம் அது. அன்று நான் துளையிட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

ஆதலின் முதற்பாடம் இதுவே: தொட்டி வண்டியில் இருக்கும்போது தீ, சூடேற்றும் விளக்கு, துளைக்கருவி, அரைக்கும் கருவி எவையும் அதன் அருகே வருதல் கூடாது.

இனிப் பூட்டின் அமைப்பைக் காண்போம். மூடியின் நடுவே உருளை ஒன்று உண்டு. அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால், எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கிவிடும், உருளை சுழலும். அது சுழன்றால், கீழேயுள்ள நாக்கு உள்ளிழுத்துக்கொண்டு மூடியை விடுவிக்கும். ஒரே ஒரு தகடு அடங்காமல் நின்றாலும் உருளை சுழலாது. அந்நிலையில் சாவிக்கு எவ்வளவு வலிமை கொடுத்தாலும், அது சாவியை முறிக்குமே அன்றிப் பூட்டைத் திறக்காது.

தகடு ஏன் சிக்குகிறது? எங்கள் ஊரின் அமைப்பும் அதற்கு ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மழை; மார்கழி, தையில் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றும் புழுதியும். புழுதி சாவித்துளையில் புகுந்து தங்குகிறது. மழைநீர் அதனைச் சேறாக்குகிறது. எஃகுச் சுருள்வில் துருப்பிடிக்கிறது. மூடியின் உடல் துத்தநாகக் கலவை. அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. உலோகம் துருவாகும்போது முன்னைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். இடுக்கு இறுகிப்போவது அதனாலேயே.

மருந்து கொடுக்குமுன் நோயை அறிதல் வேண்டும். மூன்று கேள்விகள் போதும். சாவி முழுவதும் நுழைகிறதா? இல்லையேல் துளையில் அழுக்கு உள்ளது. நுழைந்தும் திரும்பவில்லையா? தகடு சிக்கியுள்ளது, அல்லது சாவியின் பல் தேய்ந்துள்ளது. சாவி திரும்பியும் மூடி எழவில்லையா? நாக்கோ ரப்பர் வளையமோ பற்றிக்கொண்டுள்ளது. எங்கள் வண்டிக்கு இரண்டாம் நோய் முதலில் தெரிந்தது. மூன்றாம் நோய் அதன்பின் மறைந்திருந்தது.

வளைந்த சாவியை மெல்ல நிமிர்த்திச் சாவி செய்பவரிடம் கொண்டுபோய், அதைப் பார்த்துப் புதுச் சாவி ஒன்று வெட்டி வாங்கினேன். பிறகு துருவை நெகிழ்த்தும் எண்ணெயைச் சாவித்துளையில் சில சொட்டுகள் விட்டேன். நீர்த்த எண்ணெய் நுண்ணிய இடுக்குகளில் தானே ஏறிச் செல்லும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். ஓர் இரவு விட்டுவைத்தேன். காலையில் மரக்கைப்பிடியால் மூடியைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். சாவியை இட்டு எடுத்து, இட்டு எடுத்துத் தகடுகளை அசைத்தேன். இடக்கையால் மூடியைக் கீழே அழுத்திக்கொண்டு, வலக்கையின் இரு விரல்களால் மட்டும் சாவியை இப்புறமும் அப்புறமும் திருப்பினேன். அழுத்தும்போது நாக்கின்மேல் உள்ள சுமை குறைகிறது. பத்தாம் முறையோ பன்னிரண்டாம் முறையோ, சாவி திரும்பியது.

ஆனால் மூடி எழவில்லை!

சூடுபடுத்தினால் உலோகம் விரியும், மூடி கழலும் என்று பலர் எண்ணுவர். தீ ஆகாது என்பது ஒருபுறம் இருக்க, கணக்கும் அதற்கு எதிரானது. ஒரு பாகை வெப்பத்துக்குத் துத்தநாகம் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 30 பங்கு விரியும். எஃகு 12 பங்கே விரியும். உள்ளே இருப்பது துத்தநாக மூடி. சூழ்ந்திருப்பது தொட்டியின் எஃகுக் கழுத்து. சூடாக்கினால் மூடி இன்னும் இறுகும்! வேண்டுவது குளிர்ச்சி. 40 மில்லிமீட்டர் அகலமுள்ள மூடியை 25 பாகை குளிர்வித்தால் 0.03 மில்லிமீட்டர் சுருங்கும். அது தாளின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான். எனினும் துருவின் பிடியைத் தளர்த்த அதுவே போதும். பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நீர் உள்ளே புகாதபடி மூடியின்மேல் கால் மணி நேரம் வைத்தேன். பின் அழுத்தித் திருப்பி ஒரு தட்டுத் தட்டினேன்; மூடி கையோடு வந்தது.

எங்கள் ஊர்த் தேரை மக்கள் வடம் பிடித்து இழுப்பர். பின்னின்று யானை முட்டித் தள்ளும். நின்ற தேரை அசைப்பதே அரிது. அசைந்தபின் உருள்வது எளிது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று நூலில் படிப்பது இதைத்தான். துருப்பிடித்த மூடிக்கும் அதுவே விதி. முதல் அசைவைப் பெறுவதற்கே இவ்வளவு பாடும்.

இவை யாவும் பயன்படாவிட்டால்? தொட்டியைக் கழற்றி, மிச்சமுள்ள பெட்ரோலை அடிக்குழாய் வழியே தக்க கலத்தில் வடித்து, பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். அங்கே தொட்டியில் நீர் நிரப்பி, ஆவியை அகற்றிய பின்னரே பூட்டில் துளையிடுவர். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டலாகாது. எங்கள் தெருநீர் கல்பாத்திப் புழையைச் சேரும். அது பாரதப்புழையைச் சேரும்.

திறந்த மூடியைத் தூய்மை செய்து, பூட்டில் பென்சில் கரியாகிய கிராபைட்டுத் தூளை இட்டேன். எண்ணெயைப்போல் அது புழுதியைப் பிடித்துவைக்காது. மூடியில் உள்ள காற்றுத்துளையையும் ஊசியால் திறந்தேன். அது அடைபட்டால் பெட்ரோல் ஒழுங்காக இறங்காது. 2023 முதல் நம் நாட்டில் எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் பழைய ரப்பரை உப்பச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆதலின் அதனைத் தாங்கும் புது வளையம் இட்டேன்.

தேர் நாளில் வண்டி ஓடியது. சித்தப்பா பின்னால் அமர்ந்து வந்தார். வளைந்த பழைய சாவியை மட்டும் நான் எறியவில்லை. என் மேசையில் வைத்திருக்கிறேன். எது சிக்கியுள்ளது என்று அறியாமல் கைவலிமையைக் காட்ட முற்பட்ட ஒருவனுக்கு, அது நல்ல ஆசான் அன்றோ!