வீட்டிலிருந்து நோயாளியிடம் பேசும் பயிற்சி மருத்துவர்

பிரிட்டனில் ஜிபி எனப்படும் பொது மருத்துவராக விரும்புபவர், அடிப்படைப் பயிற்சிக்குப் பின் வழக்கமாக 3 ஆண்டுகள் அத்துறையில் பயிற்சி பெறுகிறார். 2020 மார்ச்சில் கோவிட் பரவியதும் அங்குள்ள ஜிபி நிலையங்கள் பெரும்பாலும் தொலைபேசி ஆலோசனைக்கு மாறின. உடல்நிலை காரணமாக வெளியே வரக்கூடாது என்று அறிவுறுத்தப்பட்ட பயிற்சி மருத்துவர்களில் பலர் வீட்டிலிருந்தே நோயாளிகளிடம் பேசினார்கள். தொற்று ஓய்ந்த பிறகும் தொலைபேசி ஆலோசனை ஓரளவு நிலைத்துவிட்டது.

வீட்டிலிருப்பவருக்குப் பாடங்கள் குறைவதில்லை. அவை இணையத்திலேயே கிடைக்கும். பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்" என்று கேட்க முடியாமல் போவதுதான் பெரிய இழப்பு. "சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள்" என்று மூத்தவர் சொல்லிவைப்பதால் அது ஈடாகாது. அவர் வேலையாக இருப்பாரோ என்று இளையவர் தயங்குவார். தன் சந்தேகம் அற்பமானது என்று தானே தீர்மானித்தும்விடுவார். ஆபத்து அங்கேதான். எனவே அழைக்கும் பொறுப்பை மேற்பார்வையாளரே ஏற்பது நல்லது: காலைப் பணியின் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. அந்நேரத்துக்கு அவருக்கு நோயாளிகளை ஒதுக்கக்கூடாது. அவர் விடுப்பில் இருந்தால் யார் அழைப்பார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். "இன்று பேசியவர்களில் யாரை நினைத்தால் மனசு உறுத்துகிறது?" என்பது பலன் தரும் கேள்வி.

இளையவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கேட்காமல் திருத்த முடியாது. நோயாளியின் சம்மதத்தோடு மூத்தவரும் அழைப்பில் இணையலாம். அல்லது பதிவை இருவரும் பின்னர் சேர்ந்து கேட்கலாம். மூச்சுத்திணறல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே மூச்சில் 30 வரை எண்ணச் சொல்லும் ராத் அளவீட்டைத் தொலைபேசியில் நம்ப வேண்டாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இலேயே அறிவுறுத்தினார்கள். அது பொய்யான நிம்மதி தரக்கூடும். நோயாளி வாக்கியத்தை முடிக்கிறாரா, நேற்று ஏறிய படியை இன்று ஏற முடிகிறதா, பின்னணியில் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கப் பழக்குவதே பயன்தரும். எந்த அறிகுறி வந்தால், எவ்வளவு நேரத்துக்குள், யாரை அழைப்பது என்பதை நோயாளியே திருப்பிச் சொல்லும்படி கேட்பதும் இப்பயிற்சியில் அடங்கும். 2023இல் வந்த ஜிபி தேர்வே இணையவழியில், தலா 12 நிமிடமாக 12 ஆலோசனைகளைக் கொண்டது என்பதால் இந்த உழைப்பு வீணாகாது.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைத் திரை கற்பிக்காது. ஆனால் இளையவர் நேரில் வரச் சொன்ன நோயாளியைப் பரிசோதித்தவர், கண்டதை அன்றே இளையவருக்குத் தெரிவிக்கலாம். குடல்வால் அழற்சி என்று ஐயப்பட்டது மலச்சிக்கலாக முடிந்தாலும் சொல்ல வேண்டும். ஊகம் கூர்மையாவது அப்படித்தான். பரபரப்பான நிலையங்களில் முதலில் கைவிடப்படுவதும் இந்தத் தகவல்தான்.

வாராந்திரக் கூட்டங்களிலும் தேநீர் நேர அரட்டையிலும் வீட்டிலிருப்பவரைக் காணொளியில் சேர்த்துக்கொள்வது அவருடைய தனிமையைக் குறைக்கும். செய்ய வாய்ப்பில்லாமல் போன உடற்பரிசோதனைகளை அவர் பட்டியலாக எழுதி வந்தால், பணியிடம் திரும்பும் முதல் வாரங்களில் அவற்றுக்கு முன்னுரிமை தர முடியும்.