பாய்லர் இல்லாத பவர் ஹவுஸ்

அனல்மின் நிலையம் என்றதும் நமக்கு வடசென்னையும், பரீட்சையில் வந்து பயமுறுத்தும் ரேங்கின் சுழற்சியும்தான் ஞாபகத்துக்கு வரும். நிலக்கரியே வேண்டாம், பூமியே சூடு தரும் என்றால்?

நியூசிலாந்தின் ரோட்டோருவா அப்படிப்பட்ட ஊர். பழைய எரிமலைப் பள்ளத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது. பூங்காவில்கூட ஆவி கிளம்பும். ஊரெங்கும் அழுகிய முட்டை வாசனை, நம்ம லேபில் வருமே அந்த ஹைட்ரஜன் சல்பைடுதான்! பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களால் ஊருக்கு வருமானம். ஆனால் வீட்டுக்கு வீடு போர் போட்டு வெந்நீரை உறிஞ்சியதில், பீச்சியடிக்கும் ஊற்றுகள் சோர்ந்துபோயின. 1986-ல் அரசு, போஹுட்டு ஊற்றைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த போர்களை மூட உத்தரவிட்டது. ஊற்றுகள் மெல்ல உயிர்பெற்றன.

சேலையூரிலும் ஏரி இருக்கிறதே, இங்கே ஏன் ஆவி வரலை? காரணம் நம்ம பல்லாவரத்துக் கல். 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்த இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. எப்போதோ ஆறிப்போன நிலம். கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறுகிறது என்று வைத்தால், 140 டிகிரியைத் தொட நாலரை கிலோமீட்டர் தோண்டணும். கட்டுப்படியாகாது.

அதே 140 டிகிரி, லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே கிடைத்தது. சோ மோரிரி ஏரிக்குப் போகிற வழியில், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 85 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

இந்தச் சூட்டில் நேரடியாக டர்பைன் ஓட்டுவது லாபமில்லை. அதனால் 'பைனரி' முறை: வெந்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய், பென்டேன் போன்ற சீக்கிரம் கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கும், அந்த ஆவி டர்பைனைச் சுற்றும். ஆறிய தண்ணீரைத் திரும்ப பூமிக்குள்ளேயே செலுத்தணும். 140 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நடுவே கார்னோ கணக்குப் போட்டால் 31 சதவீதம் வரும். நிஜத்தில் பத்து வந்தாலே பெரிய விஷயம். பூகா தண்ணீரில் போராக்ஸும் கந்தகமும் வேறு. குழாயில் படியும் உப்பைச் சுரண்டுவது மெயின்டனன்ஸ்காரர் தலையில்தான்.

2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி., லடாக் நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் கவுன்சில் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. முதலில் ஒரு மெகாவாட். 2022-ல் துளையிடும்போது வெந்நீர் அடக்க முடியாமல் பீறிட்டு பூகா ஓடையில் கலந்தது, வேலை நின்றது. சாதாரண ஓடையா அது? சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் இடம். கருங்கழுத்துக் கொக்கு வரும் பகுதி.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டீசலை மலைமேல் ஏற்றிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. திரும்பச் செலுத்தும் கிணறு தயாரான பிறகே உற்பத்திக் கிணற்றைத் திறக்கணும், அவ்வளவுதான். அதுவரைக்கும், பூகாவில் மேய்ப்பர் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் அறைகளைக் குளிர்காலத்தில் சூடாக்க, ஊற்றுத் தண்ணீரும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் போதும். டர்பைனே தேவையில்லை. மெக்கானிக்கல் மூன்றாமாண்டுக்காரர்கள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுத்தால், கணக்குப் போட நானும் வருகிறேன்.