நீர்மட்டத்தைக் கற்றல்: சுங்கை பூலோவும் கோடியக்கரையும்

சுற்றுச்சூழற் கல்விப் பரிமாற்றத் திட்டங்களின்கீழ் அயல்நாடு செல்லும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஆங்குள்ள ஈரநிலப் பூங்காக்களைக் கண்டு வருகின்றனர். மரப்பாதையும் விளக்கப் பலகையும் முதலில் கண்ணைக் கவரும். ஆயினும் அங்குக் கற்க வேண்டுவது வேறொன்றாகும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில், ஜொகூர் நீரிணையை அடுத்துச் சுங்கை பூலோ அமைந்துள்ளது. மலாய் மொழியில் இதற்கு மூங்கிலாறு என்பது பொருள். முன்னர் இறால் வளர்த்த குளங்கள் நிறைந்த இவ்விடத்தில் வலசைப் பறவைகள் திரளாகத் தங்குவதை 1986இல் இயற்கை ஆர்வலர் கண்டனர். 1989இல் 87 ஹெக்டேர் நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1993இல் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டேர் பரப்புள்ள இயற்கைக் காப்பிடமாயிற்று.

பழைய குளங்களில் நீரை இன்றும் மதகுகளே அடக்கி ஆள்கின்றன. உப்புக்கொத்தி, உள்ளான் முதலிய பறவைகள் குறுங்கால்களை உடையவை. கடல் வற்றும்போது அவை வெளியேயுள்ள சேற்றுவெளியில் புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடி உண்ணும். ஓதம் பெருகியதும் அந்நிலம் மூழ்கிவிடும். அவ்வேளையில் குளத்து நீர் குறைத்து வைக்கப்பட்டிருப்பின், பறவைகள் அங்கு வந்து இளைப்பாறும். எனவே, பறவை காணச் செல்வோர் முதலில் நோக்குவது ஓத அட்டவணையையே.

அம்முறையை அப்படியே கோடியக்கரைக்குக் கொண்டுவரலாமா? இயலாது. அங்கு ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 3 மீட்டர் வரை செல்லும். இங்கோ அது 1 மீட்டருக்கும் குறைவு. 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கோடியக்கரையை அடுத்த சதுப்பில், நீர்மட்டத்தைப் பெரிதும் மாற்றுவன வடகிழக்குப் பருவமழையும் காற்றுமே ஆகும். ஆகவே, இங்கு நமக்குத் துணையாவன, தில்லி லோதி ரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை தொகுக்கும் மழை, காற்றுப் பதிவுகளாகும்.

செய்முறை: சென்டிமீட்டர் குறியிட்ட கோல் ஒன்றைச் சதுப்பின் ஓரத்தில் நடுக. சரணாலயமாயின் வனத்துறையின் இசைவு பெறுதல் வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் நீர்மட்டம், காற்றின் திசை, அவ்வார மழை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பூநாரை போன்ற நெடுங்கால் பறவைகளையும் குறுங்கால் பறவைகளையும் தனித்தனியே எண்ணுக. ஓராண்டுப் பதிவை வரைபடமாக்குக.

நீர் ததும்பி நிற்பதே ஈரநிலத்திற்கு நலம் என்று பலர் எண்ணுகின்றனர். அழகு கருதிக் கரையை உயர்த்தி ஆண்டு முழுதும் நீரைத் தேக்கினால், உள்ளானுக்கு நிற்க இடமிராது. மாணவர் வரைந்த அவ்வரைபடம் கையிலிருப்பின், அத்தகைய திட்டம் வரும்போது ஊரார் சான்றுடன் பேச இயலும். அயல்நாட்டுப் பயணத்தினின்று நாம் கொணர வேண்டுவது இவ்வாறு அளந்தறியும் பழக்கமேயாம்.