பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரின் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போயிருந்தோம். வேட்டுச் சத்தத்துக்கு என் மகன் அலறிய அலறலில் கூட்டமே விலகி வழிவிட்டது. அப்போது அவனுக்கு இரண்டு வயது நாலு மாதம். “செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீக” என்றார் ஒரு பெரியவர். வீட்டிலும் அதே தீர்ப்புதான்: அடம். பேச்சு வராததற்கு அத்தையிடம் வேறு காரணம் இருந்தது. “அவுக தாத்தாவே நாலு வயசுலதேன் பேசுனாக.” நாக்கில் வசம்பு உரசித் தடவினோம். பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டினோம்.

குழந்தை மருத்துவர் ஒருவரிடமும் காட்டினோம். ஐந்தே நிமிடம். அவ்வளவு நேரமும் அவன் மேசை விசிறியைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். “ரொம்ப அடம் டாக்டர்” என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. “சரியாப் போயிரும்” என்று அனுப்பிவிட்டார்.

நர்ஸாக இருக்கும் என் தங்கை சொன்னாள்: “அடம்ங்கிறது நீ வச்ச பேருக்கா. அவன் என்ன செஞ்சான்னு எழுது.” கைக்கு அகப்பட்டது பால் கணக்கு நோட்டு. அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

‘குக்கர் முதல் விசில். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான்.’

‘பேர் சொல்லி ஐந்து தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிஸ்கட் பாக்கெட் பிரித்த சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தான்.’

‘தண்ணீர் வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாய்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.’

‘மொட்டைமாடியில் சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டினேன். என் விரலையே பார்த்தான்.’

பத்தே நாளில் எனக்குப் புரிந்தது, இதில் அடம் எங்குமே இல்லை என்று. சத்தம் அவனுக்கு வலித்தது. தான் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. இந்த நோட்டோடு போனபோது, குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பல பரிசோதனைகள் செய்து, ஆட்டிசம் என்றார்.

1943இல் ஆட்டிசத்தைப் பற்றி 11 குழந்தைகளை வைத்து எழுதினார் லியோ கேனர் என்ற மருத்துவர். அவர்களில் முதல் குழந்தையின் அப்பா, பிள்ளையை அழைத்து வருவதற்கு முன்பே அவன் நடத்தையை 33 பக்கத்துக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாராம். இதைப் படித்தபோது என் நோட்டு நினைவுக்கு வந்தது. பின்னாளில் தாய்க்குப் பாசம் போதாததுதான் காரணம் என்று சில பத்தாண்டுகள் பழிபோட்டதும் நடந்தது. அது பொய் என்று எப்போதோ தெளிவாகிவிட்டது. ஆனாலும் தெருவில் அந்தப் பேச்சு ஓயவில்லை. வளர்ப்பும் காரணமில்லை, தடுப்பூசியும் காரணமில்லை.

என் அனுபவத்தில் சொல்ல வேண்டியவை:

பெயர் வைக்காமல் எழுதுங்கள். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. போனில் இரண்டு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். வீட்டில் செய்வதைப் பிள்ளை டாக்டர் அறையில் செய்துகாட்டாது.

முதலில் காதுப் பரிசோதனை. பிஸ்கட் சத்தம் கேட்கிறதே என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு.

காத்திருக்கக் கூடாத இடங்கள். ஒரு வயதாகியும் பேர் சொன்னால் திரும்பாதது, விரல் நீட்டாதது, டாட்டா காட்டாதது. 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது. 2 வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேர்க்காதது. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோவது. மூடிகளை வரிசையாக அடுக்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பல அறிகுறிகள் சேர்ந்து வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

கேள்வித்தாள் தீர்ப்பல்ல. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ‘எம்-சாட்’ என்று 20 கேள்விகள் உண்டு. அது மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டுமே சொல்லும்.

அரசு வழியும் இருக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2013 முதல் நடக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். எப்போது வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு வையுங்கள். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 மாற்றுத்திறன் வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள்.

பயிற்சிக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆட்டிசம் என்று உறுதியாகும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. மருத்துவரிடம் நோட்டைக் காட்டிய வாரமே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினோம்.

இப்போது அவனுக்கு நாலரை வயது. பேச்சு குறைவுதான். திருவிழாக் கூட்டத்துக்கு இன்னும் கூட்டிப்போவதில்லை. ஆனால் அடுப்பில் குக்கரை வைத்ததும் அத்தை, “விசில் வரப்போகுதுய்யா” என்று குரல் கொடுக்கிறார். அவன் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நிற்கிறான். கட்டிலுக்கு அடியில் போவதில்லை.